எந்தத் தெருவில் பனி?

சென்ற இதழில் ஆலங்கட்டி மழையைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், "அமெரிக்காவில் ஏரியே பனியைக் கொட்டுமாமே, உண்மையா?" என்று கடிதங்கள் வரிசை கட்டிவிட்டன. ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில், ஆஸ்வீகோ என்ற சிற்றூரில் இயற்பியல் வாத்தியாராகக் காலம் தள்ளியவன் நான். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே கொல்லைக்குப் போய் பனியை அளந்து வானிலை நிலையத்துக்கு அனுப்பும் சம்பளமில்லாத வேலையும் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த முறை முழுப் பக்கத்தையும் பனிக்கே கொடுத்துவிட்டேன். சந்திர கிரகணம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கே: ஐயா, என் மகள் சிரக்யூஸில் எம்.எஸ். படிக்கிறாள். என் தம்பி மகன் டொரண்டோவில் வேலை பார்க்கிறான். டொரண்டோதானே வடக்கே இருக்கிறது? ஆனால் பனியில் மாட்டிக்கொண்டேன் என்று போனில் புலம்புவது என் மகள்தான். இது எப்படி?

ப: மகள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது அம்மா. டொரண்டோவில் ஒரு குளிர்காலம் முழுக்கச் சேர்த்தால் சராசரியாக 120 செ.மீ. அளவுக்குப் பனி விழும். சிரக்யூஸில் 3 மீட்டருக்கு மேல். 1992-93 குளிர்காலத்தில் அங்கே 488 செ.மீ. விழுந்தது. நியூயார்க் மாநிலத்தின் வடபகுதி நகரங்களுக்குள் "கோல்டன் ஸ்னோபால்" என்று ஒரு கோப்பையே உண்டு. அந்தக் குளிர்காலத்தில் அதிகப் பனி வாங்கிய ஊருக்கு அது. சிரக்யூஸ்காரர்கள் அதை அடிக்கடி வாங்கி, பெருமையா வேதனையா என்று தெரியாத முகத்தோடு வைத்துக்கொள்வார்கள்.

இரண்டு ஊரும் ஒரே ஏரியின் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் டொரண்டோ ஏரியின் வடமேற்குக் கரையில் இருக்கிறது. சிரக்யூஸ் தென்கிழக்கே, கரையிலிருந்து சுமார் 50 கி.மீ. உள்ளே. குளிர்காலத்தில் அங்கே குளிர்ந்த காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும். டொரண்டோவைத் தொடும்போது அது கனடாவின் உறைந்த நிலத்தைக் கடந்து வந்த வறண்ட காற்று. அதே காற்று சிரக்யூஸுக்கு வரும்போது நடுவில் ஒரு ஏரியைக் கடந்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவும் அந்த ஏரியில் இருக்கிறது.

குளிர் கூடினால் பனி கூடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மிகக் குளிர்ந்த காற்றில் நீராவிக்கு இடமே கிடையாது; அந்தக் காற்று தனியாக வந்தால் நீல வானமும் மூக்கு நுனியில் எரிச்சலும்தான் மிச்சம். பனிக்குத் தண்ணீர் வேண்டும். அதை ஏரி கொடுக்கிறது. தண்ணீர் கோடையில் மெல்லச் சூடாகி, குளிர்காலத்தில் மெல்லத்தான் ஆறும். நவம்பரில் கரையில் இலையெல்லாம் உதிர்ந்து தரை உறையத் தொடங்கும்போதும் ஒன்டாரியோ ஏரியின் மேல்நீர் 8, 9 டிகிரி செல்சியஸில் இருக்கும். அதன் மேல் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 10 டிகிரிக் காற்று ஓடினால் என்ன ஆகும்? அடியில் உள்ள காற்று சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு மேலே கிளம்பும். நமக்குப் பழக்கமான வெப்பச்சலனம்தான் இது. கோடை மாலையில் இடிமழை தரும் அதே இயந்திரம், இங்கே டிசம்பரில் ஏரியின் மேல் ஓடுகிறது.

வானிலைக்காரர்கள் இதற்கு ஓர் எண் வைத்திருக்கிறார்கள்: 13. ஏரியின் மேல்நீருக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரக் காற்றுக்கும் குறைந்தது 13 டிகிரி வித்தியாசம் வேண்டும். இந்த எண் வானத்திலிருந்து குதிக்கவில்லை. மேலே எழும் வறண்ட காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி குளிரும். ஏரி மட்டத்திலிருந்து அந்த உயரம் போய்ச் சேர்வதற்குள் 13 டிகிரி போய்விடும். அப்போதும் சுற்றியிருக்கும் காற்றைவிட அது சூடாக இருந்தால்தான் தொடர்ந்து மேலே போகும். நீராவி மேகமாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிவிடும். எண்ணைக் கையிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, காற்று தண்ணீரின் மேல் போதுமான தூரம் ஓட வேண்டும். நல்ல பனிக்குச் சுமார் 100 கி.மீ. தேவை. மற்றது, மேலே மூடி போட்டதுபோல ஒரு சூடான காற்றடுக்கு இருக்கும். அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. ஒரு கிலோமீட்டரிலேயே மூடி விழுந்துவிட்டால் தூறல்போலப் பனித்துகள்தான் வரும். மூன்று கிலோமீட்டருக்கு மேலே போய்விட்டால் கதவைத் திறக்க முடியாது.

ஒன்டாரியோ ஏரி கிழக்கு மேற்காக 311 கி.மீ. நீளம், அகலம் 85 கி.மீ.தான். வடமேற்குக் காற்று ஏரியைக் குறுக்கே கடந்து சிரக்யூஸ் பக்கம் வரும். தூரம் குறைவு என்பதால் ஒரே பெரிய பட்டையாக அல்லாமல் பல மெல்லிய பட்டைகளாகப் பனி வரும். வந்து வந்து போகும், நாள் முழுக்க விடாது. அதே காற்று கனடாவில் ஹியூரன் ஏரியையும் அதன் ஜார்ஜியன் விரிகுடாவையும் ஏற்கெனவே கடந்து, அங்கே கொஞ்சம் ஈரம் வாங்கி வந்திருந்தால் சிரக்யூஸுக்கு அன்று விசேஷம்தான். ஒரு ஏரி பாதி செய்த வேலையை அடுத்த ஏரி முடித்துவைக்கும்.

கே: பஃபலோவில் இருக்கும் என் மருமகன், தன் வீட்டு வாசலில் பனி இடுப்பு வரை நிற்கிறதென்றும், பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நண்பர் வீட்டில் வெயில் அடிக்கிறதென்றும் சொல்கிறார். மாப்பிள்ளை கதை விடுகிறாரா?

ப: மாப்பிள்ளையைச் சந்தேகிக்காதீர்கள். அவர் சொல்வது கொஞ்சம் குறைச்சலாகக்கூட இருக்கலாம்.

பஃபலோ, ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. அந்த ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக 388 கி.மீ. நீண்டு கிடக்கிறது, அதன் நுனி பஃபலோவைச் சுட்டுகிறது. மேற்கு-தென்மேற்குக் காற்று அடித்தால் அது ஏரியின் முழு நீளத்தையும் கடந்து வரும். ஏரி சூடாக இருக்கிறது, இரு கரையும் குளிர்ந்திருக்கின்றன. ஏரி நடுவே காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்ப இரு கரையிலிருந்தும் காற்று உள்ளே பாயும். இரண்டும் நடுவில் மோதி மேலே ஏறும். அந்த மோதல் கோடு முழுக்க ஒரே மேகமாக, பத்து இருபது கி.மீ. அகலமும் நூறு கி.மீ.க்கு மேல் நீளமுமாக ஒற்றைப் பட்டை உருவாகும். அதன் அடியில் மணிக்கு 5 முதல் 10 செ.மீ. வரை பனி விழும். பட்டைக்கு வெளியே நின்று பார்த்தால் ஒரு சாம்பல் நிறச் சுவர் தெரியும்; தலைக்கு மேலே வானம் சுத்தமாக இருக்கும்.

தோட்டத்தில் ரப்பர் குழாயைப் பிடித்திருப்பவர் மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் தூரத்தில் தண்ணீர் விழும் இடம் எவ்வளவு மாறும்? அப்படித்தான் இதுவும். காற்று சில டிகிரி தெற்கே திரும்பினால் பட்டை வடக்கே நயாகரா பக்கம் போய்விடும். மேற்காகத் திரும்பினால் நகரின் தென்புற ஊர்களில் விழும். வழக்கமான புயல் வந்தால் கடந்து போய்விடும். ஏரிப் பட்டைக்கு அந்தக் குணம் இல்லை. காற்றின் திசை மாறாதவரை ஒரே தெருவின் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

2014 நவம்பரில் இதுதான் நடந்தது. 17-ஆம் தேதி தொடங்கி இரண்டு தவணையாகப் பெய்து முடிந்தபோது பஃபலோவுக்குக் கிழக்கே உள்ள கௌல்ஸ்வில் என்ற ஊரில் மொத்தம் 223 செ.மீ. அளந்தார்கள். முதல் தவணையில் நகரின் வடக்குப் பகுதிக்குச் சில சென்டிமீட்டர்தான். நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒரு நாளுக்கு மேல் புதைந்து கிடந்தன. ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி பேருந்துக்குள்ளேயே ஏறத்தாழ முப்பது மணி நேரம் கழித்தது. 2022 நவம்பரில் மறுபடி. ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் பகுதிகளில் இரண்டு மீட்டர். பஃபலோ கால்பந்து அணியின் மைதானம் ஆர்ச்சர்ட் பார்க்கில்தான் இருக்கிறது. ஆட்டத்தை டெட்ராய்ட்டுக்கு மாற்றினார்கள்.

ஆகவே "பஃபலோவில் எவ்வளவு பனி?" என்று செய்தியில் ஓர் எண் வந்தால் நான் அதற்கு மதிப்பே கொடுப்பதில்லை. அது விமான நிலையத்தில் அளந்த எண். மாப்பிள்ளை வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்காமல் பதில் சொல்லவே முடியாது.

கே: ஏரி முழுக்க உறைந்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் அல்லவா?

ப: பெரும்பாலும் தீரும். ஐஸ் மூடிய ஏரி, காற்றுக்கு வெறும் வெள்ளை வயல்தான். ஈரமும் கிடைக்காது, சூடும் கிடைக்காது. ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீட்டர்தான். அமெரிக்க-கனடா எல்லையை ஒட்டிய ஐந்து பேரேரிகளில் அதுவே ஆழம் குறைந்தது. குளிர் கடுமையான வருடங்களில் ஜனவரி, பிப்ரவரியில் அநேகமாக முழுவதும் உறைந்துவிடும். பஃபலோகாரர்கள் அதனால் நவம்பர், டிசம்பரில்தான் அதிகம் பயப்படுவார்கள். ஒன்டாரியோவுக்கு அந்த வசதி கிடையாது. சராசரி ஆழம் 86 மீட்டர். மேலே குளிர்ந்த தண்ணீர் கனத்துக் கீழே போகும், கீழிருந்து சூடான தண்ணீர் மேலே வரும்; தண்ணீர் முழுக்க 4 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் மேல்நீர் உறைவதைப் பற்றி யோசிக்கவே தொடங்கும். அதற்குள் வசந்தம் வந்துவிடும். எங்கள் ஆஸ்வீகோவுக்கு மார்ச் வரை விமோசனம் இல்லை.

"பெரும்பாலும்" என்று சொன்னதற்குக் காரணம் 1977. அந்தக் குளிர்காலத்தில் ஈரி ஏரி முந்தைய டிசம்பர் 14-க்கே உறைந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் அதற்கு முன் உறைந்ததாகப் பதிவில்லை. அப்பாடா என்றிருந்தார்கள். ஆனால் உறைந்த ஏரியின் மேல் வாரக்கணக்கில் பனி விழுந்து, இறுகாமல் மாவுபோலக் குவிந்துகொண்டே இருந்தது. ஜனவரி 28-ஆம் தேதி மணிக்கு 111 கி.மீ. வரை வேகத்தோடு காற்று புறப்பட்டு, ஏரியின் மேலிருந்த அத்தனை பனியையும் வாரிக் கொண்டுவந்து நகரத்தில் போட்டது. அந்த நாட்களில் வானத்திலிருந்து புதிதாக விழுந்தது ஏறத்தாழ 30 செ.மீ.தான். வீடுகளை மூடியது மற்றதெல்லாம். பஃபலோ மிருகக்காட்சி சாலையில் வேலி உயரத்துக்குப் பனி மேடு எழும்பி, கலைமான்கள் அதன்மேல் ஏறி வெளியே நடந்து போய்விட்டன. சிரிக்க வைக்கும் செய்தி இது ஒன்றுதான். மேற்கு நியூயார்க்கில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் காருக்குள்ளேயே. பனிப்புயலுக்காக அமெரிக்க மத்திய அரசு பேரிடர் அறிவித்தது அதுதான் முதல் முறை.

2022 டிசம்பரில் வந்த பனிப்புயலும் பஃபலோவை அதே மாதிரி முடக்கியது. ஏரி அப்போது உறையாமல் திறந்திருந்தது. கிறிஸ்துமஸை ஒட்டிய அந்த நாட்களில் விமான நிலையத்தில் 132 செ.மீ. பதிவானது. ஆனால் உயிரைக் குடித்தது பனியின் உயரத்தைவிட அந்தக் காற்றும், கை நீட்டினால் கை தெரியாத வெண்மையும்தான். அந்தப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

கே: பனி பெய்யும்போது இடி இடிக்குமா?

ப: இடிக்கும். ஏரிப் பட்டை வலுவாக இருக்கும்போது மின்னலும் வெட்டும். மேகத்தின் உயரம் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் உள்ளே ஐஸ் துகள்களும் மென்பனி உருண்டைகளும் மோதி மின்னேற்றம் பிரிவது கோடை இடிமேகத்தில் நடப்பது போலவேதான். விழும் பனி சத்தத்தைக் குடித்துவிடுவதால் இடி தூரம் கேட்காது. கேட்டால், இடித்தது பக்கத்தில் என்று அர்த்தம். இன்னும் சிறிது நேரத்துக்குப் பனி வாரும் வண்டிகூட வராது என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: பனியை அளப்பது என்ன பெரிய வித்தை? ஒரு ஸ்கேலை நட்டுவைத்தால் போதாதா?

ப: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

ஸ்கேலை எங்கே நடுவீர்கள்? காற்றுக்கு எதிர்ப்பக்கம் நட்டால் தரை தெரியும். சுவர் ஓரம் நட்டால் ஆளுயரம் காட்டும். அதனால் வெள்ளைப் பெயின்ட் அடித்த ஒரு பலகையை, மரமும் கட்டடமும் காற்றைத் தடுக்கும் ஆனால் பனியைத் தடுக்காத இடத்தில் வைப்போம். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. வெள்ளை எதற்கென்றால், கறுப்புப் பலகை வெயிலைக் குடித்து முதல் பனியை உருக்கிவிடும். அளந்து முடித்ததும் பலகையைத் துடைத்து மறுபடி பனியின் மேல்மட்டத்தில் வைக்க வேண்டும். பனி மூடிவிட்டால் பலகையே காணாமல் போகும்; பக்கத்தில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருப்பேன். அப்புறம் ஓர் உருளையை அமுக்கிப் பனியை எடுத்து, வீட்டுக்குள் கொண்டுபோய் உருக்கி, எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க வேண்டும். ஏரிப்பனி இறகுபோல இருக்கும். வழக்கமான பனி 10 செ.மீ. உருகினால் 1 செ.மீ. தண்ணீர் வரும் என்பார்கள். ஏரிப்பனிக்கு அதே தண்ணீர் வர 20, 30 செ.மீ.கூட வேண்டியிருக்கும். மைனஸ் 15 டிகிரியை ஒட்டிய மேகத்தில் ஆறு கை விரித்த பெரிய படிகங்கள் வளரும். ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இடையில் காற்றை அடைத்துக்கொள்ளும். துடைப்பத்தாலேயே வாசலைப் பெருக்கிவிடலாம். ஆனால் நிற்க நிற்கத் தன் கனத்திலேயே அமுங்கும்.

அந்த அமுங்கலில்தான் வழக்கே இருக்கிறது. ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே டக் ஹில் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. ஏரி மட்டம் கடலிலிருந்து 75 மீட்டர்; அந்த மேடு மெல்ல மெல்ல உயர்ந்து 600 மீட்டரைத் தாண்டும். மேற்குக் காற்று ஏரியின் முழு நீளத்தையும் கடந்து நேரே அதில் ஏறும். அங்கே மேல்பகுதிகளில் வருடத்துக்கு 5 மீட்டருக்கு மேல் பனி சாதாரணம். ஹூக்கர் என்ற இடத்தில் 1976-77 குளிர்காலத்தில் 1,186 செ.மீ. பதிவாகியிருக்கிறது. பன்னிரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான்.

அதே மேட்டில் மான்டேக் என்ற ஊரில் 1997 ஜனவரி 11, 12 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் 77 அங்குலம், அதாவது 195 செ.மீ.க்கு மேல், விழுந்ததாகத் தன்னார்வலர் ஒருவர் அறிவித்தார். அமெரிக்காவின் ஒருநாள் சாதனை அப்போது கொலராடோ மாநிலத்தின் சில்வர் லேக் என்ற இடத்துக்குச் சொந்தம்: 1921 ஏப்ரலில் 75.8 அங்குலம். சாதனை உடைந்தது என்று எல்லோரும் கொண்டாட, ஒரு குழு உட்கார்ந்து ஆராய்ந்தது. விதிப்படி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பலகையைத் துடைக்கக்கூடாது. 24 மணிக்கு நான்கு அளவு. மான்டேக்கில் ஆறு அளவுகள் எடுக்கப்பட்டிருந்தன. அடிக்கடி அளந்தால் பனி அமுங்குவதற்கு முன்பே கணக்கில் ஏறிவிடும், கூட்டுத்தொகை பெருகும். குழு சாதனையைத் தள்ளுபடி செய்தது.

அந்தத் தீர்ப்பு சரியென்றே நான் நினைக்கிறேன். ஆனால் என் பரிவெல்லாம் அந்தத் தன்னார்வலர் பக்கம்தான். மணிக்குப் பத்து செ.மீ. பனி விழும் ராத்திரியில் எழுந்து போய் ஆறு முறை அளந்திருக்கிறார் மனிதர். எங்கள் ஊரில் நான் அனுப்பிய எண்ணை உள்ளூர் வானொலியில் கேட்டுவிட்டு, "என் வாசலில் இதைவிட அதிகம், நீங்கள் குறைத்துச் சொல்கிறீர்கள்" என்று வேலிக்கு அப்பாலிருந்து சண்டைக்கு வரும் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் வாசல் பக்கம் காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்கும். சொன்னால் கேட்க மாட்டார்.

இன்னொரு விஷயம். மேட்டில் ஏன் அவ்வளவு பனி என்பதற்கு, மலை காற்றை மேலே தள்ளி மேகத்தை உயரமாக வளர்க்கிறது என்று பாடப்புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். 2013 டிசம்பரிலும் 2014 ஜனவரியிலும் விமானமும் நடமாடும் ரேடார் வண்டிகளும் வைத்து அங்கே பெரிய ஆய்வு நடந்தது. மேகம் மேட்டின்மேல் உயரமாக வளரவில்லை. ஏரியின் மேல் விட்டுவிட்டுக் கொட்டும் பனி, மேட்டின்மேல் அடர்த்தி குறைந்தாலும் இடைவிடாமல் பெய்கிறது. விழும் வழியில் ஆவியாகி வீணாவதும் குறைகிறது. நிற்காமல் பெய்வதுதான் உயரத்தைக் கூட்டுகிறது.

கே: உலகத்தில் வேறு எங்கும் இப்படி இல்லையா?

ப: ஏராளம். பெரிய தண்ணீர், அதன்மேல் மிகக் குளிர்ந்த காற்று, எதிரே மேடு: மூன்றும் சேர்ந்தால் போதும். ஜப்பானின் மேற்குக் கரைதான் இதில் ராஜா. சைபீரியாவின் காற்று ஜப்பான் கடலைக் கடந்து மலைகளில் மோதுகிறது. அந்தக் கடலில் வெதுவெதுப்பான நீரோட்டம் ஓடுவதால் உறைவது என்ற பேச்சே இல்லை. இபுகி மலையில் 1927 பிப்ரவரி 14 அன்று தரையில் 1,182 செ.மீ. பனி நின்றது. வேடிக்கை என்னவென்றால், இபுகி மலையடிவாரத்தின் பக்கத்திலேயே ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பீவா இருக்கிறது. பனியைக் கொண்டுவந்ததோ அந்தப் பக்கத்துக் கடல்.

காஸ்பியன் கடலின் தென்கரையில் ஈரானின் ரஷ்த் நகரம், கருங்கடலை ஒட்டிய துருக்கிக் கரை, ஜனவரியில் உறையும்வரை சைபீரியாவின் பைக்கால் என்று பட்டியல் நீளும். அமெரிக்காவின் கிரேட் சால்ட் லேக் உப்பினால் உறைவதில்லை. அதனால் சால்ட் லேக் சிட்டி மலைப்பனிக்கு அதுதான் காரணம் என்று பனிச்சறுக்கு விளம்பரங்கள் சொல்லும். உண்மையில் அதன் பங்கு சிறியது.

கே: பூமி சூடாகிறதே, இனி இந்தப் பனி குறைந்துவிடுமா?

ப: அவசரப்படாதீர்கள். ஏரி சூடாவதால் டிசம்பரில் இன்னும் அதிக ஈரம் கிளம்பும்; ஐஸ் மூடுவது குறைவதால் பனிக்காலம் ஜனவரி, பிப்ரவரி வரை நீளும். இருபதாம் நூற்றாண்டில் ஏரிக்கரைப் பகுதிகளில் பனி கூடத்தான் செய்தது. இன்னொரு பக்கம் காற்றும் சூடாகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அதே ஈரம் மழையாக விழும். நவம்பரில் தொடங்கி, தெற்கே உள்ள ஏரிகளில் முதலில். ஐஸ் கணக்கு 1973 முதல் ஒழுங்காக இருக்கிறது, மொத்தத்தில் இறங்குமுகம். ஆனால் வருடத்துக்கு வருடம் அது ஆடும் ஆட்டத்தைப் பார்த்தால் தலை சுற்றும்: 1979-ல் ஐந்து ஏரிகளிலும் சேர்த்து 94.7 சதவீதம் உறைந்தது, 2014-ல் 92.5. நடுவில் பத்து, பதினைந்து சதவீதத்தைத் தொட்ட வருடங்களும் உண்டு. ஒரு குளிர்காலத்தை வைத்துப் பூமி சூடாகிறது, ஆறுகிறது என்று வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதுபவர்களை நான் படிப்பதில்லை.

கே: இவ்வளவு கஷ்டப்பட்டு அங்கே ஏன் குடியிருக்கிறார்கள்?

ப: ஏரி பனியை மட்டும் கொடுப்பதில்லை. ஈரி ஏரியின் தென்கரை நெடுகிலும் கான்கார்ட் திராட்சைத் தோட்டங்கள். மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் செர்ரியும் அவுரிநெல்லியும். வசந்தத்தில் ஏரி குளிர்ந்திருப்பதால் கரையில் மொட்டு தாமதமாகத்தான் விடும். அதற்குள் கடைசி உறைபனி போய்விடும். இலையுதிர் காலத்தில் ஏரி சூடாக இருப்பதால் பழம் முற்றக் கூடுதலாகச் சில வாரங்கள் கிடைக்கும். பனியைக் கொட்டும் அதே சூடுதான் திராட்சையையும் பழுக்க வைக்கிறது.

கே: மகள் போனில் உள்ள வானிலை ஆப், சிரக்யூஸில் 10 செ.மீ. என்றது, வந்தது அதைப்போல நாலு மடங்கு. எதைத்தான் நம்புவது?

ப: முதல் கேள்வி கேட்ட அம்மாவே இதையும் அனுப்பியிருக்கிறார். ஆப்பில் வரும் எண்ணை மகள் பார்க்க வேண்டாம், காற்றின் திசையைப் பார்க்கட்டும். வடமேற்கு என்றால் சிரக்யூஸ். மேற்கு என்றால் டக் ஹில். மேற்கு-தென்மேற்கு என்றால் வாட்டர்டவுன். தென்மேற்கு என்றால் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்கு அப்பால் கனடாக் கரை. திசை மாறும் நேரத்தையும் பார்க்க வேண்டும். பட்டை அப்போதுதான் இடம் பெயரும். சிரக்யூஸுக்கான முன்னறிவிப்பு பிங்காம்டன் வானிலை நிலையத்திலிருந்து வருகிறது, டக் ஹில்லுக்கும் ஆஸ்வீகோவுக்கும் பஃபலோவிலிருந்து. இரண்டு அலுவலகமும் எண்ணோடு சேர்த்து, ஏன் அப்படி நினைக்கிறோம் என்று விளக்கமும் எழுதி வெளியிடும். அதைப் படிக்கப் பத்து நிமிடம் ஆகாது. ரேடாரை மட்டும் நம்புவதும் சரிப்படாது. ஏரி மேகங்கள் தாழ்வானவை, தூரம் போகப்போக ரேடார் கதிர் அவற்றின் தலைக்கு மேலேயே போய்விடும். படத்தில் ஒன்றும் இல்லாத இடத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

வார இறுதியில் தோழிகளோடு ஐ-81 நெடுஞ்சாலையில் வடக்கே போகிறேன் என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். அந்தச் சாலை ஏரியின் கிழக்கு முனையைச் சுற்றிக்கொண்டு, பட்டை வழக்கமாக உட்காரும் இடத்தைக் குறுக்கே கடக்கிறது. சிரக்யூஸில் வெயில் அடிக்கும். புலாஸ்கி தாண்டும்போது முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு திடீரென்று மறைந்துபோகும். மேற்குக் காற்று என்று அறிவித்திருந்தால் அன்றைக்குத் தெற்கே எங்காவது போகச் சொல்லுங்கள். போயே தீர வேண்டுமென்றால் காரில் கம்பளி, மண்வாரி, முழு டேங்க் பெட்ரோல். மாட்டிக்கொண்டால் காரைவிட்டு இறங்கி நடக்கக்கூடாது. எஞ்சினை ஓடவிடுவதற்கு முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை வாரிவிட வேண்டும், இல்லாவிட்டால் புகை உள்ளே வந்துவிடும்.